நாலரை வருடம் சேர்த்த கார்டு புள்ளிகள்: சுங்கை ஆரா வாசகிக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

பினாங்கு சுங்கை ஆராவிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 46. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. தன் பெயரும் வங்கியின் பெயரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருப்பதால், விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

நாலரை வருடத்துக்கு முன், ஒரு பேரங்காடி வாசலில் மேசை போட்டிருந்தவர்களிடம் இவர் கிரெடிட் கார்டு எடுத்திருக்கிறார். கார்டில் செலவழிக்கச் செலவழிக்கப் புள்ளி சேரும், ஐந்து புள்ளிக்கு, டிக்கெட் எடுக்க உதவும் ஒரு விமான மைல் என்று அப்போது சொன்னார்கள். இவருடைய அம்மாவுக்கு 71 வயது. கூலிம் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தன் அப்பாவின் ஊரான மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். சென்னைக்குப் போய்வர ஓர் ஆளுக்கு 24,000 மைல், இரண்டு பேருக்கு 48,000. அதற்கு 2 லட்சத்து 40 ஆயிரம் புள்ளி வேண்டும் என்று கணக்குப் போட்டு, மளிகை, பெட்ரோல், அப்பாவின் கடைசி நாள்களில் வந்த மருத்துவமனை பில், மகனின் மடிக்கணினி என்று எல்லாவற்றையும் கார்டிலேயே தேய்த்திருக்கிறார். அலுவலகத் தோழிகள் சாமான் வாங்கும்போது அவர்களிடம் ரொக்கத்தை வாங்கிக்கொண்டு தன் கார்டை நீட்டியதும் உண்டு. ஒருவழியாகப் புள்ளி நிறைந்தது. செயலியைத் திறந்து மாற்றப் போனால் 30,000 மைல்தான் வரும் என்கிறது. மே 1 முதல் எட்டுப் புள்ளிக்கு ஒரு மைல் என்று மாற்றிவிட்டார்கள்.

அவருடைய சொற்களிலேயே: "இது என் பணம், என் சேமிப்பு. ஒரு வார்த்தை சொல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ள வங்கிக்கு யார் உரிமை கொடுத்தது? வழக்குப் போடலாமா? மறுபடியும் குறைப்பதற்குள் எல்லாவற்றையும் வவுச்சராக மாற்றிவிடு என்று தோழி சொல்கிறாள். புள்ளியைத் திருப்பித் தரும்வரை பில் கட்டாதே என்று தம்பி சொல்கிறான். இரவில் தூக்கம் வரவில்லை." கடிதம் முடிவதற்கு ஒரு வரி முன்னால், போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். கார்டில் 9,000 வெள்ளி (ரிங்கிட்) பாக்கி இருக்கிறது, மாதா மாதம் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டி வருகிறார்.

சகோதரி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நீங்கள் சேர்த்தது வெறும் எண் இல்லை, அம்மாவுக்கு ஒரு டிக்கெட். அது கைக்கு எட்டும் நேரத்தில் தள்ளிப் போனால் யாருக்கும் வலிக்கத்தான் செய்யும். நீங்கள் அனுப்பிய பில்களையும் கைப்பேசிப் படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சட்டம் உங்களுக்கு எந்த இடத்தில் கைகொடுக்கும், எந்த இடத்தில் கைகொடுக்காது என்று சொல்கிறேன். அதற்கு முன், தம்பியின் யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

கோபத்தில் பில் கட்டாமல் விட்டால் வங்கிக்கு ஒன்றும் ஆகாது, உங்களுக்குத்தான் ஆகும். நம் நாட்டில் கிரெடிட் கார்டு வட்டி மூன்று படியாக இருக்கிறது. 12 மாதம் தொடர்ந்து குறைந்தபட்சத் தொகையையாவது நாள் தவறாமல் கட்டுகிறவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு. அந்த 12 மாதத்தில் 10 மாதமாவது சரியாகக் கட்டியவருக்கு 17. மற்றவர்களுக்கு 18. உங்கள் பில்லில் 15 என்று இருக்கிறது, அதை நீங்கள் ஒழுங்காகக் கட்டியே சம்பாதித்திருக்கிறீர்கள். கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம் பாக்கியில் 1 விழுக்காடு, அதிகபட்சம் 100 வெள்ளி. உங்கள் 9,000க்கு அது மாதம் 90 வெள்ளி. கட்டாத மாதமெல்லாம் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் என்ற கடன் பதிவேட்டில் ஏறும். கடந்த 12 மாதம் எப்படிக் கட்டினீர்கள் என்பதை அதில்தான் மற்ற வங்கிகள் பார்க்கும். நாளை மகனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கடன் என்று போனால் அங்கேயே தடுக்கும். புள்ளித் தகராறு வேறு, கடன் பாக்கி வேறு. ஒன்றைக் காட்டி மற்றதை நிறுத்திவைக்கச் சட்டம் விடாது. நிலுவை விழுந்த கார்டில் புள்ளியை மாற்ற விடாமல் நிறுத்திவைக்க நிபந்தனைகளிலேயே வழி வைத்திருப்பார்கள். அதனால் கையில் இருப்பதும் முடங்கும்.

புள்ளி உங்கள் பணமா?

இந்த இடத்தில் உங்கள் எண்ணத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. சேமிப்புக் கணக்கில் 100 வெள்ளி போட்டால் வங்கி உங்களுக்கு 100 வெள்ளி கடன்பட்டிருக்கிறது. புள்ளி அப்படி இல்லை. கார்டு நிபந்தனைகளில் ஏறக்குறைய எல்லா வங்கியும் மூன்று விஷயத்தை எழுதி வைத்திருக்கும்: புள்ளிக்குப் பண மதிப்பு கிடையாது, அதை இன்னொருவருக்கு மாற்ற முடியாது, முன்னறிவிப்புக் கொடுத்து வங்கி அதன் விகிதத்தை மாற்றலாம். பேரங்காடி மேசையில் நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் இவையும் இருந்தன. புள்ளி ஒரு வாக்குறுதிதான், அதுவும் மாற்றும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு கொடுத்த வாக்குறுதி.

எழுதி வைத்துக்கொண்டால் எதுவும் செல்லுமா என்று கேட்பீர்கள். செல்லாது. 2018 டிசம்பரில் ஒரு வீட்டுக்கடன் வழக்கில், என்ன இழப்பு வந்தாலும் வங்கி பொறுப்பில்லை என்ற மாதிரி எழுதியிருந்த நிபந்தனையை, 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆவது பிரிவின்படி செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்திலும் நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கென்று 2010இல் தனிப் பகுதி சேர்த்தார்கள். ஆனால் அந்த வீட்டுக்கடன் தீர்ப்பு, வழக்குப் போடும் வாசலையே அடைத்த நிபந்தனையைப் பற்றியது. அறிவிப்புக் கொடுத்துப் புள்ளி விகிதத்தை மாற்றுவது அந்த வகையில் அப்படியே உட்காராது. ஏற்கனவே சேர்ந்த புள்ளியின் மதிப்பைக் குறைப்பது நியாயமா என்ற கேள்வி உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவின் நிதிப் பயனீட்டாளர் பாதுகாப்பு வாரியம் 2024 டிசம்பரில், அப்படிச் செய்வது சட்டத்துக்குப் புறம்பாகலாம் என்று சுற்றறிக்கையே விட்டது. ஆனால் 2025 மே மாதத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அங்கேயே அப்படி என்றால், இங்கே அந்த வாதத்தை மட்டும் நம்பி நீதிமன்றப் படி ஏறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லவில்லை"

இதிலும் ஒரு திருத்தம் இருக்கிறது, ஆனால் இதற்குள்தான் உங்களுக்குச் சாதகமான விஷயமும் இருக்கிறது. நம் ஊர் வங்கிகளின் கார்டு நிபந்தனைகளில் மாற்றத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு என்று இருப்பது வழக்கம். நீங்கள் அனுப்பிய ஏப்ரல் 4 தேதியிட்ட பில்லின் மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். செலவுப் பட்டியல் முடிந்து, குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் கடன் முடிய எத்தனை வருடம் ஆகும் என்று சொல்லும் பெட்டிக்குக் கீழே, சாம்பல் நிறத்தில் ஐந்து வரி. தலைப்பு, "உங்கள் பலன்கள் மேம்படுத்தப்படுகின்றன". முதல் மூன்று வரி ஒரு புதிய காப்பிக் கடைச் சலுகை. நான்காவது வரியில்தான் மே 1 முதல் மைல் மாற்று விகிதம் திருத்தப்படுகிறது, விவரம் இணையத்தளத்தில், என்று இருக்கிறது. எட்டு என்ற எண் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

அதாவது அறிவிப்பு வந்திருக்கிறது, நாள் கணக்கும் சரியாக இருக்கிறது. "சொல்லவே இல்லை" என்று எழுதினால் முதல் பதிலிலேயே இந்தப் பக்கத்தைக் காட்டி உங்கள் வாயை அடைத்துவிடுவார்கள். "சொன்ன விதம் தவறு" என்று எழுதுங்கள். அது வேறு வாதம், பலமான வாதம். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டம் 124ஆவது பிரிவிலும் ஏழாவது அட்டவணையிலும், ஒரு நிதிப் பொருளின் தன்மை, அம்சம், நிபந்தனை, விலை ஆகியவற்றில் வாடிக்கையாளரைத் தவறாக எண்ணவைக்கும் நடத்தையைத் தடைசெய்கிறது. பலனைக் குறைத்துவிட்டு மேலே "மேம்பாடு" என்று தலைப்புப் போடுவது அந்த வகையில் வருமா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அதைவிட நல்ல ஆதாரம் ஒன்றும் உங்களிடம் இருக்கிறது, அதன் மதிப்பு உங்களுக்கே தெரியவில்லை. ஏப்ரல் 19 அன்று மகனுக்குக் காட்டுவதற்காகச் செயலியில் நீங்கள் எடுத்த படம். "ஏப்ரல் 30 வரை மின்பொருள்களுக்கு 5 மடங்கு புள்ளி", அதற்குக் கீழே "5 புள்ளி = 1 மைல்". அதைப் பார்த்துத்தான் அன்று 3,600 வெள்ளிக்கு மடிக்கணினி வாங்கி 18,000 புள்ளி பெற்றீர்கள். பன்னிரண்டு நாளில் விகிதம் மாறப்போகிறது என்று வங்கிக்கு அன்றே தெரியும், அந்தப் பக்கத்தில் அதைச் சொல்லவில்லை. பணக் கணக்கில் இது சிறியதுதான். பழைய விகிதத்தில் 3,600 மைல், புதியதில் 2,250. வித்தியாசம் ஐம்பது வெள்ளிச் சொச்சம். ஆனால் வங்கி எளிதில் மறுக்க முடியாத ஒரே பகுதி இது. அந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள். இன்னோர் இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

முதலில் வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் போங்கள். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து அழுதால் அது பதிவில் நிற்காது. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மூன்று கோரிக்கை போதும். ஒன்று, 18,000 புள்ளியையாவது விளம்பரத்தில் காட்டிய விகிதத்தில் மாற்றித் தர வேண்டும். இரண்டு, அறிவிப்பின் தலைப்பு பலன் குறைவதை மறைத்ததால், மே 1க்கு முன் சேர்ந்த எல்லாப் புள்ளிக்கும் பழைய விகிதத்தில் மாற்ற ஒருமுறை வாய்ப்புத் தர வேண்டும். மூன்று, மறுத்தால் அது இறுதி முடிவு என்று எழுத்தில் தர வேண்டும். இரண்டாவது கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நாள்பட்ட வாடிக்கையாளருக்கு, நல்லெண்ணத்துக்காக என்று ஒரு பகுதியைத் திருப்பிப் போட்டுக் கொடுத்ததை நான் என் வேலையில் பார்த்திருக்கிறேன். கேட்டவர்களுக்குத்தான் கொடுத்தார்கள்.

மறுத்தால் அடுத்த வாசல் எஃப்.எம்.ஓ.எஸ். என்ற நிதிச் சந்தைகளுக்கான ஒம்புட்ஸ்மன் சேவை, அதாவது வாடிக்கையாளர் தகராறுகளை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும் அமைப்பு. முன்பு ஓ.எஃப்.எஸ். என்று இருந்ததும் முதலீட்டாளர் தகராறுகளைப் பார்த்த அமைப்பும் 2025 ஜனவரியில் சேர்ந்து இதுவாயின. உங்களுக்குச் செலவு கிடையாது, வக்கீலும் வேண்டாம். வங்கியின் இறுதி முடிவு வந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். வங்கி 60 நாளாகியும் பதில் தரவில்லை என்றாலும் போகலாம். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். வங்கி தன் பொருளுக்கு என்ன விலை, என்ன கொள்கை வைக்கிறது என்பதை அவர்கள் விசாரிப்பதில்லை. "எட்டு ஏன், ஐந்தாகவே வைத்திருக்கலாமே" என்று போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். "ஐந்து என்று காட்டி வாங்க வைத்துவிட்டு எட்டு என்றார்கள்" என்று போனால் உட்காரவைத்துக் கேட்பார்கள். நீங்கள் வங்கிக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே இந்த இரண்டாவது வாக்கியம் இருக்க வேண்டும். பேங்க் நெகாராவில் பொதுமக்களின் புகாரைக் கேட்கும் பிரிவான பிஎன்எம்லிங்க்குக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

வழக்கு? மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரையான சிறு கோரிக்கைக்கு வக்கீல் இல்லாமல் நீங்களே போகலாம். வழி இருக்கிறது, ஆனால் விடுப்பு எடுத்து, ஆவணம் சேர்த்து, வங்கியின் நிபந்தனையை எதிர்த்து நிற்க வேண்டும். கிடைக்கக்கூடிய தொகை எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

இழப்பு உண்மையில் எவ்வளவு

நீங்கள் எழுதியபடி சென்னைக்குப் போய்வர டிக்கெட் ஏறக்குறைய 1,300 வெள்ளி. மைலில் எடுத்தாலும் வரி, கட்டணம் என்று 350 வெள்ளியை நீங்கள்தான் கட்ட வேண்டும். ஆகவே 24,000 மைல் உங்களுக்கு மிச்சப்படுத்துவது 950 வெள்ளி. பழைய விகிதத்தில் உங்கள் புள்ளி 1,900 வெள்ளிக்குச் சமம். இப்போது ஏறக்குறைய 1,190. போனது 700 வெள்ளிச் சொச்சம். இரண்டு பேர் பயணம் ஒரு பேர் பயணமாகச் சுருங்கியதால்தான் இழப்பு இதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

வங்கி ஏன் இப்படிச் செய்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரர் ஒரு கட்டணம் கட்டுகிறார், அதில் ஒரு பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கு வருகிறது. புள்ளிக்கான காசு பெரும்பாலும் அதிலிருந்துதான். 2015 ஜூலை 1 முதல் அந்தப் பங்குக்குப் பேங்க் நெகாரா உச்சவரம்பு வைத்தது. கடைக்காரர்களுக்கு அது நல்லது, ஆனால் வங்கியின் கையில் புள்ளிக்கென்று இருந்த காசு குறைந்தது. இன்னொரு பக்கம், நீங்கள் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் புள்ளி வங்கியின் கணக்குப் புத்தகத்தில் என்றாவது கொடுக்க வேண்டிய பொறுப்பாக நிற்கிறது. மைலை விமானக் கழகத்திடம் வங்கி காசு கொடுத்துத்தான் வாங்குகிறது. ஐந்தை எட்டாக்கினால் அந்தச் செலவு ஒரே நாளில் குறைந்துவிடும். அதனால் இது மறுபடியும் நடக்கலாம், உங்கள் தோழியின் பயம் வீண் பயம் இல்லை. ஆனால் அவர் சொல்லும் மருந்துதான் சரியில்லை.

வவுச்சர் கணக்கைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலில் 16,000 புள்ளிக்கு 50 வெள்ளி வவுச்சர். எல்லாவற்றையும் மாற்றினால் 750 வெள்ளி. மைலாக மாற்றினால் 1,190 வெள்ளி. பதற்றத்தில் மாற்றினால் வங்கி எடுத்த 700 போதாதென்று இன்னொரு 440 வெள்ளியை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள். அப்புறம், கார்டை மூடிவிட்டுப் பணம் திருப்பும் கார்டுக்கு மாறுவது. மூடினால் மாற்றாத புள்ளி பொதுவாக அத்துடன் போய்விடும், ஆகவே அந்தப் படிவத்தில் இப்போது கை வைக்காதீர்கள்.

என் யோசனை இது. 1 லட்சத்து 92 ஆயிரம் புள்ளியை 24,000 மைலாக்கி அம்மாவுக்கு டிக்கெட் எடுங்கள். உங்கள் டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்குங்கள். மீதி 48,000 புள்ளியை, உங்கள் பட்டியலில் அதே விகிதத்தில் "பில் கழிவு" என்று ஒன்று இருக்கிறதே, அதில் போட்டால் 150 வெள்ளி பாக்கியில் கழியும். வவுச்சர் உங்களைக் கடைக்கு இழுத்துப் போகும், பில் கழிவு வட்டியைக் குறைக்கும். ஆனால் இதையெல்லாம் புகாருக்குப் பதில் வந்த பிறகு செய்யுங்கள். மாற்றிவிட்ட புள்ளிக்குப் பழைய விகிதம் கேட்பது கடினம். இடையில் இன்னொரு குறைப்பு அறிவிப்பு வந்தால் மட்டும் காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

போகிற போக்கில் எழுதிய வரி

இனி அந்த 9,000 வெள்ளி. சகோதரி, உங்கள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியது 700 வெள்ளி இல்லை, இதுதான். 9,000க்கு 15 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 1,350 வெள்ளி, மாதம் 112 வெள்ளி 50 சென். வங்கி புள்ளியில் குறைத்த மொத்தத் தொகையும் ஆறரை மாத வட்டிக்குள் அடங்கிவிடுகிறது. அப்பாவின் மருத்துவமனை பில்லிலிருந்து இரண்டு வருடமாக இந்தப் பாக்கி ஏறக்குறைய அப்படியே நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் வட்டியாக மட்டும் 2,700 வெள்ளி போலப் போயிருக்கும். அந்தக் காசுக்கு இரண்டு பேருமே சென்னைக்குப் போய் வந்திருக்கலாம். இதைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது யாரும் வட்டிக் கணக்குப் பார்ப்பதில்லை.

தவறாமல் கட்டுகிறீர்கள், ஆனாலும் பாக்கி ஏன் குறையவில்லை? குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 விழுக்காடு, உங்களுக்கு 450. அதில் 112 வட்டிக்குப் போகிறது, 338 அசலில் கழிகிறது. அதே மாதம் புள்ளிக்காக மளிகைக்கு 400 தேய்க்கிறீர்கள். நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பில் வந்து 20 நாள் வட்டியில்லாத காலம் என்று சொல்கிறார்களே, அது முழுப் பாக்கியையும் கட்டுகிறவர்களுக்கு மட்டும். பாக்கி வைத்திருப்பவருக்குப் புதிதாகத் தேய்க்கும் சாமானுக்கும் அது கணக்கில் ஏறிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்த 400 வெள்ளி மளிகைக்கு உங்களுக்குக் கிடைப்பது 400 புள்ளி, இன்றைய மதிப்பில் 2 வெள்ளி. ஒரு மாத வட்டி 5 வெள்ளி. இரண்டு வெள்ளி சேர்க்க ஐந்து வெள்ளி கொடுத்திருக்கிறீர்கள், பழைய விகிதத்திலும் அது நட்டம்தான். பாக்கி இருக்கும்வரை இந்தக் கார்டை வெளியே எடுக்காதீர்கள். மளிகைக்கு டெபிட் கார்டோ ரொக்கமோ போதும்.

தோழிகளுக்காகத் தேய்ப்பதையும் நிறுத்துங்கள். அவர்கள் கொடுத்த ரொக்கம் அன்றைக்கே வங்கிக்குப் போனதா? உங்கள் பில்லில் பள்ளித் திறப்புச் சமயத்தில் ஒரே நாளில் மூன்று பேர் வீட்டுச் சாமான், 870 வெள்ளி. அடுத்த பில்லிலும் நீங்கள் கட்டியது குறைந்தபட்சத் தொகைதான். கைக்கு வந்த ரொக்கம் வீட்டுச் செலவில் கரைந்து, கார்டில் கடனாக நின்றிருக்கிறது. அவர்கள் சாமானுக்கு நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

புதிதாக ஒன்றும் தேய்க்காமல், பாக்கி குறையக் குறைய 5 விழுக்காட்டையும் குறைத்துக்கொண்டே போகாமல், மாதம் 450 என்று நிலையாகக் கட்டினால் ஏறக்குறைய இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். 600 முடிந்தால் 17 மாதம். பாக்கியைத் தவணையாக மாற்றவோ, வேறு வங்கிக்குக் குறைந்த வட்டியில் நகர்த்தவோ திட்டங்கள் இருக்கின்றன. எடுப்பதற்கு முன் முன்கட்டணம் எவ்வளவு, ஒரு தவணை தவறினால் வட்டி எவ்வளவாகும் என்று எழுத்தில் வாங்கிப் பாருங்கள். தனியாக உட்கார்ந்து கணக்குப் போட மலைப்பாக இருந்தால் ஏ.கே.பி.கே.க்குப் போங்கள். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம், கட்டணம் கிடையாது, பினாங்கிலும் அலுவலகம் இருக்கிறது. கடனில் மூழ்கியவர்கள்தான் அங்கே போவார்கள் என்று நினைத்துக் கூச்சப்படாதீர்கள். மாதச் செலவுத் தாளைக் கொண்டுபோனால் உங்களோடு உட்கார்ந்து பார்ப்பார்கள்.

பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு 71 வயது, கடன் முழுதும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை இது. அம்மாவின் டிக்கெட் மைலில் வந்துவிடும். உங்கள் 1,300ஐயும் அம்மாவின் டிக்கெட்டுக்கான 350ஐயும் கார்டில் போடாமல், தோழிகளோடு சீட்டுப் போடுவது போல மாதா மாதம் தனியாக எடுத்து வைத்துச் சேருங்கள்.

மைலை மாற்றும் முன் இரண்டு வேலை இருக்கிறது, ஏனென்றால் ஒருமுறை மாற்றிய மைல் திரும்பப் புள்ளியாகாது, விமானக் கழகத்தின் கணக்கில் அதற்குத் தனியாகக் காலாவதியும் உண்டு, பெரும்பாலும் மூன்று வருடம். விமானக் கழகத்தின் தளத்தில் நீங்கள் போக நினைக்கும் தேதியில் மைல் இருக்கை இருக்கிறதா, இன்னமும் 24,000தானா என்று முதலில் பாருங்கள், அவர்களும் விகிதத்தை மாற்றுவார்கள். அப்புறம், அம்மாவின் பாஸ்போர்ட். 2016இல் எடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அது எப்போதோ முடிந்திருக்கும். 60 வயது கடந்தவர்களுக்குப் புதுப்பிக்கக் கட்டணம் பாதி, 100 வெள்ளிதான். அதை எடுத்து, பெயரின் எழுத்து மைல் கணக்கில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று சரிபார்த்து, இந்திய விசாவுக்கும் அதையே வைத்து விண்ணப்பியுங்கள். வங்கியிடமிருந்து பதில் வந்ததும் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எஃப்.எம்.ஓ.எஸ். படிவம் தேவைப்பட்டால் சேர்ந்து நிரப்பலாம்.